சாட்ஸ்வர்த் வேலியில் பிரண்டை

மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்து, கட்டைப் பிரித்த கையோடு என்னிடம் வரும் நம்மவர்களில் வயதான அம்மாக்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பிரண்டை அரைச்சுப் போட்டா எலும்பு சீக்கிரம் கூடிக்குமா, பொண்ணு?" தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நான் பிசியோதெரபிஸ்ட். விரலை மடக்குங்கள், நீட்டுங்கள், பந்தைப் பிழியுங்கள் என்று சொல்லிக்கொண்டே பதிலும் சொல்வேன். வெளியே அடுத்தவர் காத்திருப்பார், பதில் பாதியில் நிற்கும். அதனால் முழுப் பதிலையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில், அரைத்து மேலே போடாதீர்கள். பச்சைப் பிரண்டைக்குள் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. கையில் எண்ணெய் தடவாமல் நறுக்கியவர்களுக்கு அந்த அரிப்பு தெரியும். வயதானவர்களின் தோல் மெல்லியது. அதில் பச்சை விழுதை அப்பித் துணியால் இறுக்கிக் கட்டினால் என்ன ஆகும்? கட்டின் ஓரமாக விழுதைத் திணித்துக்கொண்டு வந்த ஒரு பாட்டியின் முன்கை முழுக்கக் கொப்புளமாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். எலும்பு கூடிவிட்டது, தோல் ஆறத்தான் நாளாயிற்று.

அதற்காகப் பிரண்டையைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. எனக்குப் பிரண்டை மேல் மதிப்பு அதிகம். ஆயுர்வேதத்தில் அஸ்திசம்ஹாரி, வஜ்ரவல்லி என்ற பெயர்களில் வருவது இதுதான். எலும்பு முறிவுக்குக் கொடுக்கும் லாக்ஷா குக்குலு மாத்திரையில் கொம்பரக்கு, மருதம்பட்டை, அமுக்கரா, நாகபலா, குக்குலு ஆகியவற்றோடு இதுவும் சேரும். சித்த வைத்தியத்தில் பசியின்மைக்கும் மூலத்துக்கும் பிரண்டை உப்பு, பிரண்டை வடகம் என்று தனி வரிசையே இருக்கிறது. தாய்லாந்திலும் மூலத்துக்கு இதைத்தான் காலங்காலமாகக் கொடுத்து வருகிறார்கள்.

எலும்பு விஷயத்தை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர்கள் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் கே.என். உடுப்பாவும் ஜி.சி. பிரசாத்தும். கதிரியக்கக் கால்சியத்தை வைத்து, முறிந்த எலும்பில் கால்சியம் எப்படிச் சேர்கிறது என்று விலங்குகளிடம் பார்த்து 1964இல் வெளியிட்டார்கள். பிரண்டை கொடுத்த விலங்குகளுக்கு முறிவு விரைவாகக் கூடியது. என் துறைக்காரர்களில் பலர் இந்தப் பெயர்களைக் கேட்டதே இல்லை என்பது எனக்கு வருத்தம். ஆனால் விலங்கிடம் பார்த்தது மனிதருக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மனிதர்களிடம் நடந்தவை சிறிய ஆய்வுகள்தான். எனவே கீழே விழுந்து கை வீங்கினால் முதலில் எக்ஸ்ரே. எலும்பை நேராக்கி அசையாமல் வைக்கிற வேலையை எந்தக் கொடியும் செய்யாது. கோணலாகக் கூடிய மணிக்கட்டைப் பிறகு என்னாலும் நேராக்க முடியாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். "பிரண்டையில் கால்சியம் கொட்டிக் கிடக்கிறது" என்று வாட்சப்பில் சுற்றுகிறது. இருப்பது உண்மை. அதில் ஒரு பங்கு அந்த ஆக்சலேட்டோடு கட்டுண்டு கிடப்பதும் உண்மை. அந்தப் பங்கை நம் குடல் அவ்வளவாக எடுத்துக்கொள்ளாது. எலும்புக்குக் கால்சியம் வேண்டுமென்றால் பால், அமாசி என்கிற இந்த ஊர்ப் புளித்த பால், முள்ளோடு தின்னும் சின்ன மீன், கேழ்வரகு இவற்றைக் கூட்டுங்கள். பிரண்டையைப் பிரண்டைக்காகவே சாப்பிடுங்கள்.

சரி, இந்த ஊருக்குப் பிரண்டை எப்படி வந்தது? எங்கள் வீட்டில் பல வருஷமாக நடக்கும் பேச்சு இது.

நான் மயிலாடுதுறைப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். கணவர் வீட்டார் டர்பனில் ஐந்தாம் தலைமுறை. 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்ததிலிருந்து 1911 வரை கரும்புத் தோட்டத்துக்கும் பிற கூலி வேலைகளுக்கும் ஒப்பந்தத்தில் வந்தவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஒருத்தி கணவரின் பாட்டிக்குப் பாட்டி. பிரண்டைத் துண்டை அவள் முந்தானையில் முடிந்து எடுத்துவந்தாள் என்பது குடும்பக் கதை. கணவரின் பாட்டியான எங்கள் ஆயா இருந்தவரை அதை மாற்றிச் சொல்லவே இல்லை. டர்பன் கேட்டோ மேனரில் இருந்த வீட்டை, எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த நிறவெறிக் கால இனவாரிக் குடியிருப்புச் சட்டம் பிடுங்கிக்கொண்டு 1960களில் குடும்பத்தை இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பியபோது, ஆயா வேலியிலிருந்து நாலு கணு ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டார். இன்று எங்கள் கம்பிவேலியில் ஓடுவது அந்தக் கொடிதான். அந்த இரண்டாவது பயணத்தைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

முதல் பயணமும் நடக்கக்கூடியதே. பிரண்டை திராட்சைக் குடும்பம், ஆனால் திராட்சையைப் போல் வாடாது. நாலு பட்டையான தண்டுதான் அதன் தண்ணீர்த் தொட்டி. இலை பேருக்குத்தான், வறட்சியில் உதிர்த்துவிடும். இலை எல்லாச் செடியையும் போலப் பகலில் மூச்சு விடுகிறது. தண்டோ பகலில் துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து காற்றை வாங்கிச் சேர்த்துவைக்கிறது. ஒரே செடியில் இரண்டு விதம். வெட்டிப்போட்ட துண்டு மண்ணும் தண்ணீரும் இல்லாமல் வாரக்கணக்கில் பச்சையாகக் கிடக்கும். ட்ரூரோ கப்பல் கடலில் இருந்தது ஏறக்குறைய ஐந்து வாரம். பிரண்டைக்கு அது பெரிதில்லை.

ஆனால் மக்கூசே பக்கம் போய் வந்த பிறகு என் எண்ணத்தில் இன்னொன்றும் சேர்ந்தது. டர்பனிலிருந்து வடக்கே நாலு மணி நேரம். கரும்பும் யூகலிப்டஸும் முடிந்து, காற்று காய்ந்து, முள்மரங்கள் தொடங்கும் இடம். வண்டியை ஓரம் கட்டித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். எதிரே ஒரு வேலமரத்தின் மேல் பிரண்டை. தரையிலிருந்து உச்சிவரை ஏறி, மறுபடி கீழே தொங்கி, பற்றுச்சுருளால் கிளை கிளையாகப் பிடித்துக்கொண்டு, மிளகளவு சிவப்புப் பழத்தோடு. யாரும் நட்டிருக்க வழியில்லை. சுற்றிலும் வீடே கிடையாது. நான் சாலையைக் கடந்து போய்த் தொட்டுப் பார்த்தேன். அதே நாலு பட்டை, அதே கணு.

பிறகு தேடிப் படித்தேன். பிரண்டையின் சொந்த நிலம் இந்தியா, இலங்கையோடு முடிவதில்லை. அரேபியா, ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதிகள் என்று நீண்டு, தென்னாப்பிரிக்காவின் குவாஸுலு நட்டால், முபுமலாங்கா, லிம்போப்போ வரை வருகிறது. கிளினிக்கில் என்னோடு வேலை செய்யும் ஸுலு நர்ஸ், மக்கூசேக்குப் பக்கத்து ஊரான ஜோசினிக்காரி. எங்கள் வேலியைப் படமெடுத்துக் காட்டினேன். ஒரு பார்வையில் சொல்லிவிட்டாள்: "இது எங்கப்பாவின் மாட்டுப்பட்டி வேலியில் இருக்குமே!"

எனக்கு அன்றைக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்ல. முந்தானையில் பிரண்டையை முடிந்துகொண்டு அவள் வந்து இறங்கிய கரைக்கு வடக்கே, முட்காட்டில், அது ஏற்கெனவே காய்த்துக்கொண்டிருந்தது. நாம் கொண்டுவந்தது, நம்மோடு வந்தது என்று நினைத்த ஒன்று இந்த மண்ணுக்கும் பிள்ளை. ஆயாவிடம் இதைச் சொல்ல முடியாமல் போனதுதான் குறை. மாமியாரிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அவளுக்கு வந்த எடத்துலயும் சொந்தம் இருந்திருக்கு" என்றார்.

இனி அடுப்படி. மருந்தென்று பயந்து பயந்து தின்னவேண்டிய பொருளில்லை இது. மயிலாடுதுறைப் பக்கம் எங்கள் ஊரில் திதிச் சமையலில் பிரண்டைத் துவையல் இல்லாமல் இலை நிறையாது. சிராத்தக் கணக்கில் பாகற்காய் நூறு கறிக்குச் சமம், பிரண்டை முந்நூறுக்கு, பலா அறுநூறுக்கு என்பார்கள். அப்பளமாவில் பிரண்டைச் சாறு விட்டுப் பிசைவதும் பழைய வழக்கம்.

கொடியின் நுனியிலிருந்து இரண்டு மூன்று கணு மட்டும் ஒடியுங்கள். நகம் இறங்கினால் இளசு. முற்றினது நார், அரிப்பும் அதிகம். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுவை வெட்டி எறிந்து, நாலு பட்டையின் ஓரத்திலும் நாரை உரித்துவிட்டுச் சின்னதாக நறுக்குங்கள். அம்மா மோரில் போட்டுவைப்பாள். நான் கடையில் விற்கும் அமாசியில் போட்டுவைக்கிறேன். அதன் புளிப்பு மோரைவிடத் தூக்கல். கொஞ்ச நேரம் கழித்து அலசிப் பிழிந்துகொள்ளுங்கள்.

வாணலியில் நல்லெண்ணெய் தாராளமாக. உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், பெருங்காயம் வறுத்துத் தனியே எடுத்துவையுங்கள். அதே எண்ணெயில் பிரண்டையைப் போட்டு வதக்குங்கள். அவசரப்படக்கூடாத இடம் இதுதான். பச்சை நிறம் போய், மங்கி, சுருங்கி, ஓரம் பழுப்பாகத் தொடங்கும்வரை. பாதியில் இறக்கினால் தொண்டை நமநமவென்று அரிக்கும், அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் பிரண்டையைத் தொடமாட்டார்கள். பிறகு இஞ்சித் துண்டு, நாலு பல் பூண்டு, நெல்லிக்காயளவு புளி, ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல். ஆறினதும் உப்புப் போட்டுக் கெட்டியாக அரையுங்கள். தண்ணீர் குறைவாக விட்டால் இரண்டு நாள் தாங்கும். சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிடுவது என் பழக்கம். கணவர் வீட்டில் மீலிமா என்கிற மக்காச்சோள மாவில் கிண்டும் புட்டுக்குத் தொட்டுக்கொள்கிறார்கள். முதலில் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. இப்போது அதுவே பிடித்துவிட்டது.

சிறுநீரகக் கல் வந்தவர்கள் ஆக்சலேட்டை நினைத்து ஒதுங்கியிருங்கள். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் வழக்கம் இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் துவையலாகச் சாப்பிடுவது வேறு, பொடியாகவோ உப்பாகவோ தினமும் எடுப்பது வேறு. இரண்டாவதற்கு மருத்துவரைக் கேளுங்கள்.

ஜிம்முக்குப் போகும் பையன்கள் மூட்டுக்கும் தசைக்கும் உடம்பு இளைக்கவும் என்று பிரண்டைச் சாறுக் குப்பிகளைக் காட்டி, வாங்கலாமா அக்கா என்று கேட்கிறார்கள். எவ்வளவு செறிவாக்கியது, கூட என்ன கலந்தது என்பது குப்பியைப் பார்த்துத் தெரிவதில்லை. வேலியில் ஓசியாக வளர்வதை அந்த விலைக்கு வாங்குவதில் எனக்குச் சம்மதமே இல்லை. தோள்வலியோடு வருகிறவனுக்குத் தேவை பளுவைக் குறைப்பதும் ஒழுங்கான பயிற்சியும்.

வளர்ப்பது மிகச் சுலபம், ஒன்றை மட்டும் கவனித்தால். டர்பனில் வருஷத்துக்கு ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பங்கு கோடையில். முட்காட்டுச் செடிக்கு இது அதிகம். தொட்டியென்றால் பாதிக்குப் பாதி மணல், அடியில் ஓட்டை. தரையென்றால் சரிவான இடம், சுவரோரம், நல்ல வெயில். மூன்று கணுத் துண்டாக வெட்டி, வெட்டுவாய் காயும்வரை நிழலில் சில நாள் போட்டுவையுங்கள். பிறகு ஒரு கணு மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்றுங்கள். வேர் பிடிக்கும்வரை தண்ணீரைக் கொஞ்சமாக விடுங்கள். செப்டம்பர், அக்டோபர் நல்ல பருவம். எங்கள் பகுதியில் குரங்குகள் வாழைத்தாரையும் பப்பாளியையும் விட்டுவைப்பதில்லை, பிரண்டைப் பக்கம் போவதே இல்லை.

மக்கூசே போகிறவர்கள் அங்கே இருப்பதை ஒடிக்கவேண்டாம். காட்டில் இருப்பது காட்டில் இருக்கட்டும். வேண்டியவர்களுக்கு எங்கள் வேலியிலேயே இருக்கிறது. சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் கோவில் மண்டபத்து வாசலில் பையோடு நிற்பேன். ஆளுக்கு மூன்று கணு. உரிப்பதற்கு நல்லெண்ணெய்ப் புட்டியும் வைத்திருப்பேன், எப்படி நார் எடுப்பது என்று கையாலேயே காட்டித் தருகிறேன்.