ஏழு ஆண்டுக் கணக்கும் அத்தையின் டிரங்குப் பெட்டியும்

வெளிநாட்டில் பிறந்து, இங்கே வாழ்க்கைப்பட்டு, இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். சட்டத்தின் அந்த ஒரு பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளாமல் எந்த அலுவலகத்தின் படியும் ஏறாதீர்கள். கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நான் ஈப்போவில் பிறந்தவள். கணவருக்கு வியாசர்பாடி. நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்துடன் வந்தாலும் அப்பாவின் வைத்தியம், தங்கையின் பிரசவம் என்று மலேசியாவுக்குப் போய்வந்துகொண்டுதான் இருந்தேன். விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பி, அச்செடுத்துக்கொண்டு போனால், எழுத்தர் என் பாஸ்போர்ட்டை இரண்டு புரட்டுப் புரட்டினார். "ஏழு வருடம் இந்தியாவைவிட்டு நகராமல் இருந்திருக்க வேண்டும், மேடம். இத்தனை முத்திரை இருக்கிறதே!" கோப்பு என் பக்கமே திரும்பி வந்தது.

அவர் சொன்னது தவறு. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, இந்தியக் குடிமகனை மணந்தவர் ஏழு ஆண்டுகள் 'வழக்கமாக வசித்தவராக' இருக்க வேண்டும் என்கிறது. அதற்கு என்ன பொருள் என்று அதன் கீழேயே விளக்கமும் இருக்கிறது: விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதங்கள் முழுவதும் இங்கே இருந்திருக்க வேண்டும், அதற்கும் முந்தைய எட்டு ஆண்டுகளில் மொத்தமாக ஆறு ஆண்டுகள் இருந்தால் போதும். ஆக, அந்த எட்டு ஆண்டுகளில் போய்வந்த பயணங்களுக்கு இடம் இருக்கிறது. இடமே இல்லாதது கடைசி 12 மாதத்தில்தான்.

இது தெரிந்த ஒரு வக்கீலைக் கண்டுபிடிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. அந்த 12 மாதம் விண்ணப்பத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுவது. கோப்பை வாங்காதவரை கடிகாரம் நமக்காக நிற்காது. நடுவில் வெளியே போனால் ஆபத்து. அந்த இடைவெளியில்தான் தம்பிக்குக் கல்யாணம். "30 நாள் வரை சலுகை உண்டாமே, போய்விட்டு வா" என்றார் கணவர். உண்டுதான், 2015இல் சட்டத்தில் சேர்த்தார்கள். ஆனால் அது மத்திய அரசு தனிச் சூழ்நிலை என்று கருதி, காரணத்தை எழுதிப் பதிவு செய்து தரும் தளர்வு. நாமாகவே எடுத்துக்கொள்ளும் விடுப்பு இல்லை. தம்பியின் கல்யாணம் தனிச் சூழ்நிலையா என்று டெல்லியில் யாரோ முடிவு செய்யும்வரை பதறிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. தாலி கட்டுவதை வீடியோ அழைப்பில் பார்த்தேன். படம் நடுவில் உறைந்தும் போனது. அந்த எழுத்தரை நான் மன்னிக்கவில்லை.

அடுத்த முறை சட்டப் பக்கத்தில் மஞ்சள் கோடு போட்டு எடுத்துப் போனேன். கூடவே ஒரு பட்டியல்: ஒவ்வொரு பயணத்துக்கும் வெளியேறிய நாள், திரும்பிய நாள், எந்தப் பாஸ்போர்ட்டில் எந்தப் பக்கத்தில் முத்திரை, அடியில் கூட்டல். காலாவதியான பாஸ்போர்ட்டையும் தூக்கிப் போடாதீர்கள், பாதி முத்திரைகள் அதில்தான் இருக்கும். எழுத்தர் விளக்கத்தை இரண்டு முறை படித்தார். மேலதிகாரியிடம் எடுத்துப் போனார். திரும்பி வந்து, "கணக்கு சரியாகத்தான் இருக்கிறது" என்றார், ஏதோ நான்தான் இதுவரை தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்ததுபோல.

அத்தோடு விடவில்லை. ஓர் ஆண்டில் மட்டும், விசா முடிந்த தேதிக்கும் நீட்டிப்பு ஆணையின் தேதிக்கும் நடுவே சில வாரங்கள் இடைவெளி. "இந்த நாட்களில் எந்த அனுமதியில் இருந்தீர்கள்?" விளையாட்டான கேள்வி இல்லை. அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கினால் சட்டப்படி சட்டவிரோதக் குடியேறி; அவர்களுக்கு இந்தப் பிரிவில் விண்ணப்பிக்கவே வழியில்லை. விசா முடியும் முன்பே நீட்டிப்புக் கேட்டிருந்தேன். அதற்கான ஒப்புகைச் சீட்டு என் கோப்பில் இல்லை.

இருந்தது அத்தையிடம். மாமியார் ரங்கூனில் பிறந்தவர். 1964இல் அங்கே கடைகளை அரசுடைமை ஆக்கியதும் பெற்றோருடன் கப்பலேறி வந்த குடும்பம். அன்றைக்குக் கொடுத்த காகிதங்கள் எல்லாம் இன்றும் அவருடைய டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. பால் கார்டைக்கூடக் கிழிக்க விடமாட்டார். நான் சமையலறை மேடையில் விட்டுப்போகும் சீட்டுகளையும் சேர்த்து அடுக்கியிருக்கிறார். "இதுவா பார், கண்ணு" என்று நீட்டினார். அதேதான், தேதியோடு. மறுநாள் கோப்பை வாங்கிக்கொண்டார்கள்.

காவல்துறை விசாரணை, உறுதிமொழி எல்லாம் சிரமமின்றி முடிந்தன, காத்திருப்புதான் நீளம். ஒன்றில் மட்டும் அவசரப்படாதீர்கள். உள்துறை அமைச்சகத்தின் ஏற்புக் கடிதம் கைக்கு வருவதற்கு முன் பழைய குடியுரிமையைத் துறந்துவிடாதீர்கள். நடுவில் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நிற்க நேரிடும்.

எல்லாம் முடிந்த பிறகு தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. ஓசிஐ, அதாவது 'இந்தியாவின் வெளிநாட்டுக் குடிமகன்' என்ற பதிவு அட்டை, பெற்று ஐந்து ஆண்டுகள் ஆனவர்கள், விண்ணப்பிக்கும் முன் 12 மாதங்கள் இங்கே வசித்திருந்தால் அந்த வழியிலும் குடியுரிமை கேட்கலாம். எட்டு ஆண்டுக்குள் ஆறு ஆண்டு என்ற கணக்கே அதில் இல்லை. இந்தியரை மணந்தவருக்குத் திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டு நிறைந்தால் அந்த அட்டைக்கே விண்ணப்பிக்கலாம். இதை ஒரு கவுன்ட்டரிலும் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. எதிர்வீட்டுக்கு மலேசியாவின் கிள்ளானிலிருந்து மருமகளாக வந்திருக்கும் பெண்ணிடம் போன வாரமே சொல்லிவிட்டேன்.