'அப்ளைடு மைக்ரோ' வகுப்பில் என்ன எதிர்பார்க்கலாம்?

அமெரிக்காவில் பொருளாதாரத்தில் பிஎச்டி சேருபவர்களுக்கு முதல் வருடம் பெரும்பாலும் தியரியிலேயே ஓடிவிடும். அப்புறம் தனிமனிதர்கள், நிறுவனங்களின் முடிவுகளைத் தரவு வைத்து ஆராயும் 'அப்ளைடு மைக்ரோ' வகுப்புக்குப் போனால் கேள்வியே வேறு. "இந்தச் சட்டத்தால்தான் இது நடந்தது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" எங்கள் பேராசிரியர் எந்தக் கட்டுரையை எடுத்தாலும் முதலில் இதைத்தான் கேட்பார்.

ஸ்டேட்டா, ஆர் போன்ற புள்ளியியல் மென்பொருள்கள் தெரியாதே என்று பலர் பயப்படுகிறார்கள். அது பழகப் பழக வந்துவிடும். யாரை யாரோடு ஒப்பிடுகிறோம், அந்த ஒப்பீடு ஏன் நியாயமானது என்று சொல்லத்தான் நாள் பிடிக்கும்.

வீட்டுப்பாடமாக வந்த ஒரு கட்டுரையையே எடுத்துக்கொள்வோம். 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சி குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்தில் இருக்கும் பென்சில்வேனியாவில் மாற்றம் இல்லை. பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் இரண்டு மாநிலங்களிலும் 410 துரித உணவுக் கடைகளில் உயர்வுக்கு முன்னும் பின்னும் விவரம் கேட்டார்கள். ஒரு கடையின் சராசரி ஆட்கள் நியூ ஜெர்சியில் 20.44லிருந்து 21.03 ஆனது, பென்சில்வேனியாவில் 23.33லிருந்து 21.17 ஆகக் குறைந்தது. இரண்டு மாற்றங்களையும் கழித்தால் நியூ ஜெர்சிக்குச் சாதகமாகக் கிட்டத்தட்ட 2.75 ஆள்.

கழித்தல் கணக்குக்கு இங்கே மதிப்பெண் கிடையாது. அந்த 2.75இல் பெரும்பகுதி பென்சில்வேனியாவின் சரிவிலிருந்து வருகிறது, கவனித்தீர்களா? கூலி உயராமல் இருந்திருந்தால் நியூ ஜெர்சியும் அதே அளவு சரிந்திருக்குமா? பகுதிநேர ஊழியரை அரை ஆளாக எண்ணியிருக்கிறார்கள். அதை மாற்றினால் விடை நிற்குமா? மாநிலங்கள் இரண்டே இரண்டு என்னும்போது ஸ்டாண்டர்ட் எரரை (மதிப்பீடு எவ்வளவு தவறக்கூடும் என்ற அளவை) எவ்வளவு நம்பலாம்? இவற்றுக்கு எழுதும் பதிலில்தான் மதிப்பெண். நியூமார்க், வாஷர் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் 2000இல் சம்பளப் பதிவேடுகளை வைத்து, வேலை குறைந்தது என்ற எதிர்முடிவுக்கு வந்தார்கள். கார்டும் க்ரூகரும் அதே ஆண்டு பதில் எழுதினார்கள். மூன்றையும் வரிசையாகப் படியுங்கள். இந்தத் துறையில் வாதம் எப்படி நடக்கிறது என்பதை இதைவிட நன்றாகக் கற்றுத்தரும் ஒன்றை நான் பார்த்ததில்லை.

இன்ஸ்ட்ருமென்டல் வேரியபிள், ரிக்ரஷன் டிஸ்கன்டினியூட்டி, களச் சோதனைகள் என்று காரணத்தைக் கண்டறியும் மற்ற முறைகளும் அடுத்தடுத்து வரும். முறை மாறினாலும் பேராசிரியரின் கேள்வி மாறாது. வாரம் இரண்டு மூன்று கட்டுரைகள் இருக்கும். எல்லாவற்றையும் வரிவரியாகப் படிக்க முடியாது. முன்னுரை, முதல் இரண்டு அட்டவணைகள், முக்கியமான படம், இவற்றைப் பார்த்துவிட்டு 'யாரோடு யாரை' என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் திரும்பப் படிக்க வேண்டிய கட்டுரை அது. ரெஃப்ரி ரிப்போர்ட் (ஒரு கட்டுரையை இதழில் வெளியிடலாமா என்று மதிப்பிடும் அறிக்கை) எழுதச் சொல்லும்போது இந்த வாக்கியமே பாதி வேலையை முடித்துவிடும்.

பருவக் கட்டுரைக்கு முதல் மாதமே தரவு தேடத் தொடங்குங்கள். இந்தியத் தரவு எடுப்பவர்களுக்கு ஒன்று: தேசிய மாதிரி ஆய்வின் கோப்புகள் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் மாவட்டங்கள் பிரிந்துகொண்டே இருக்கின்றன. தமிழ்நாட்டிலேயே 2019க்கு முன் 32, இப்போது 38. ஆய்வின் பழைய சுற்றையும் புதிய சுற்றையும் மாவட்ட வாரியாக ஒப்பிடுவதாக இருந்தால், பிரிந்தவற்றைப் பழைய எல்லைக்குள் சேர்க்கும் பட்டியலை முதலில் தயாரித்துவிட்டு, அதற்குப் பிறகு பேராசிரியரிடம் தலைப்பைச் சொல்லுங்கள்.