இறுதியாண்டு ஆய்வுக்கு மேற்பார்வை செய்யச் சேரைத் தேடுகிறவர்களுக்கு

மூன்றாம் வருசம் முடிகிற நேரத்தில் எல்லாரும் வந்து கேட்பது, "அண்ணா, புரொஜெக்டுக்கு எந்தச் சேரிட்டப் போறது?" என் கதையைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவுகிறதை எடுங்கோ.

நான் பௌதிகவியல். எனக்கு மேற்பார்வையாளராக வந்தவரின் ஆய்வுப் பட்டியலைப் பார்த்துப் பயந்துதான் போனேன். சூரியக்கலம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, கிருமி கொல்லும் பூச்சு, வாயு உணரி. ஒரு ஆளால் இவ்வளவையும் உருப்படியாகச் செய்ய முடியுமா, எல்லாத்திலும் கொஞ்சம் கொஞ்சம் கை வைக்கிறாரோ என்றுகூட நினைத்தேன். பிறகு அவருடைய கட்டுரைகளில் ஏழெட்டை எடுத்து, முன்னுரையை விட்டுவிட்டுச் செய்முறைப் பகுதியை மட்டும் வாசித்தபோதுதான் பிடிபட்டது, எல்லாத்திலும் ஒரே வெள்ளைத் தூள். தைத்தேனியம் ஈரொட்சைட்டு. பெயின்டில் போடுகிற அதே சாமான்தான், 20, 25 நனோமீற்றர் அளவுக்குப் பொடியானது.

அனற்றேசு என்கிற பளிங்கு வடிவத்தில் இதன் பட்டை இடைவெளி, இலத்திரனை மேலே கிளப்பத் தேவையான சக்தி, 3.2 இலத்திரன்வோல்ற்று. அதாவது 387 நனோமீற்றருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளி பட்டால்தான் இலத்திரன் மேலே கிளம்பும். அந்த இலத்திரனையும் அது விட்டுப்போன துளையையும் எங்கே போக விடுகிறோம் என்பதில்தான் துறை மாறுகிறது. தண்ணீருக்குள் விட்டால் சாயத்தையும் கிருமியையும் சிதைக்கும். 1972 இல் ஃபுஜிஷிமாவும் ஹொண்டாவும் இதை வைத்துத் தண்ணீரையே பிரித்துக் காட்டினார்கள். கண்ணுக்குத் தெரிகிற ஒளியை இது உறிஞ்சாது, சரி, அதற்கென்று ஒரு சாயத்தை மேலே ஒட்ட வைத்தால்? 1991 இல் ஓ'றீகனும் கிறெற்சலும் வெளியிட்ட சூரியக்கலம் அதுதான். வேலியோரத்துச் செவ்வரத்தம் பூச்சாற்றைக்கூட ஒட்டலாம், ஆனால் வினைத்திறன் 1 சதவீதத்தை எட்டுவதே பெரும்பாடு.

ஆகவே பட்டியல் நீளம் என்று ஓடாதேங்கோ. பொதுவான பொருள் எது, எந்தக் கருவி இங்கேயே இருக்கிறது, எதற்கு மாதிரியை வெளியே அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேணும் என்று நேரே கேளுங்கோ. கடைசிக் கேள்வியை நான் கேட்கவில்லை. எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிரை வைத்துப் பளிங்கைப் பார்க்கிற சோதனை) முடிவு வர ஒன்றரை மாதம் போனது.

வந்த அன்றே, பளிங்கின் அளவைக் கணிக்கிற ஷெரர் சமன்பாட்டில் போட்டேன். 25.3 பாகையில் உச்சி, அரை உயரத்தில் அகலம் 0.4 பாகை. விடை 0.36 நனோமீற்றர்! இவ்வளவு சின்னத் துணிக்கையை யார் செய்திருப்பார்கள் என்று இரவு நித்திரையே இல்லை. விடியச் சேர் பார்த்துவிட்டு, "தம்பி, அனற்றேசு அலகுக்கலத்தின்ர குறுகின பக்கமே 0.38. அதைவிடச் சின்னப் பளிங்கு எங்கயிருந்து வந்தது?" என்றார். பாகையை ஆரையனாக மாற்ற மறந்திருக்கிறேன். மாற்றினால் 20. சமன்பாட்டில் போடுவது உச்சிக் கோணத்தின் பாதி என்பதிலும் ஆட்கள் வழுக்குவார்கள், நல்லவேளை அதிலாவது நான் தப்பினேன்.

அடுத்தது மெத்திலீன் நீலம் என்கிற சாயத்தை இந்தத் தூளால் சிதைத்துப் பார்ப்பது. காய்ச்சி வடித்த நீரில் நிறம் அழகாகக் குறைந்தது. "எங்கட தண்ணியிலயும் செய்து பாரும்" என்றார், வீட்டுக் கிணற்றிலிருந்து இரண்டு போத்தல் கொண்டுபோனேன். வேகம் படுத்துவிட்டது. தூள் பழுதாகிவிட்டது என்று ஒரு கிழமை புதுத்தூள் செய்ததுதான் மிச்சம். காரணம் காலுக்குக் கீழே கிடந்த சுண்ணாம்புக்கல். அதனால் எங்கள் கிணற்று நீரில் இருகாபனேற்று நிறைய, சாயத்தைச் சிதைக்க வேண்டிய ஐதரொட்சில் மூலிகங்களை அது இடையிலேயே பிடித்துத் தின்றுவிடும். வைவாவில், அதாவது வாய்மொழிப் பரீட்சையில், அரைவாசி நேரம் இந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றித்தான் கேட்டார்கள், சூரியக்கலத்தைப் பற்றி ஒரு கேள்வியோடு சரி.

ஒன்று விட்டுவிட்டேன். சாயப் பரிசோதனையில் விளக்கைப் போட முதல், தூளையும் சாயத் தண்ணீரையும் அரை மணித்தியாலம் இருட்டில் கலக்க விடுங்கோ. இல்லாவிட்டால் தூளில் சும்மா ஒட்டிக்கொண்ட சாயத்தையும் சிதைந்த கணக்கில் எழுதிவிடுவீர்கள்.