ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை, ஆனால் பம்பிங் 40

போன ஐப்பசி மழையில் எனக்கு மூன்று நாள் காய்ச்சல். தொண்டை வலி, உடம்பு வலி. பெரம்பூரில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் அப்படித்தான் படுத்திருந்தார்கள். காய்ச்சல் விட்டதும் வேலைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல மெரினாவில் ஓடவும் போனேன். உழைப்பாளர் சிலையிலிருந்து கிளம்பி காந்தி சிலை வருவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. காய்ச்சல் அசதி என்று நினைத்தேன். அந்த ஓட்டத்தை இன்று நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

இரண்டு நாள் கழித்து நெஞ்சு வலி. பக்கத்து கிளினிக்கில் வாய்வு என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்தார். படுத்தால் வலி கூடியது, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறைந்தது. நள்ளிரவில் ஆட்டோ பிடித்துப் பெரிய மருத்துவமனைக்குப் போனோம்.

இசிஜியில் மாற்றம். ரத்தத்தில் ட்ரோபோனின் அதிகம். இதயத் தசை சேதமானால் கசியும் புரதம் அது. 32 வயதில் மாரடைப்பா என்று அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு, இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஆஞ்சியோ செய்தார்கள். எங்கும் அடைப்பு இல்லை. அப்பாடா என்று இருந்தது. ஆனால் இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோவில் பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 40 சதவீதம்தான்; 55-க்கு மேல் இருக்க வேண்டுமாம்.

"ரத்தக்குழாய் சுத்தமா இருக்கு தம்பி. பிரச்சினை குழாய்ல இல்ல, தசையில" என்றார் டாக்டர். மயோகார்டைட்டிஸ், அதாவது இதயத் தசை அழற்சி. காக்ஸாக்கி, அடினோ, பார்வோ, ஃப்ளூ, கொரோனா என்று பல வைரஸ்கள் இதைக் கொண்டுவரும். வைரஸ் தசைக்குள் புகுந்து கெடுப்பது ஒரு பங்கு. அதை விரட்ட வரும் நம் எதிர்ப்புசக்தியே தசையையும் சேர்த்துத் தாக்குவது இன்னொரு பங்கு. காய்ச்சல் விட்ட பிறகு நெஞ்சு வலி வந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. என்னுடையது எந்த வைரஸ் என்று கடைசிவரை தெரியவில்லை.

உறுதி செய்தது எம்ஆர்ஐ. கையில் மருந்து ஏற்றி, அந்தக் குழலுக்குள் மூச்சைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டு ரொம்ப நேரம் படுத்திருந்தேன். மாரடைப்பில் சேதம் தசையின் உள் அடுக்கில் தொடங்குமாம். எனக்கு வெளி அடுக்கில் திட்டுத்திட்டாக இருந்தது. டாக்டர் திரையில் விரல் வைத்துக் காட்டினார்.

வைரஸைக் கொல்ல மருந்து எதுவும் தரவில்லை. இதயத்தின் பாரத்தைக் குறைக்கும் மாத்திரைகள், துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர், அவ்வளவுதான். மெடிக்கலில் நாமே வாங்கிப் போடும் வலி மாத்திரை கூடாது என்றார். அப்புறம் ஆறு மாதம் ஓய்வு. ஓட்டம், ஜிம், பாரம் தூக்குவது எதுவும் கிடையாது. புண்ணான தசையை விரட்டி வேலை வாங்கினால் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம் என்று பச்சையாகச் சொன்னார். நல்லதுக்குத்தான் சொன்னார்.

மாத்திரையைவிட இந்த ஓய்வுதான் கஷ்டம். பார்க்க ஆள் நன்றாக இருக்கிறேன். "ஆஞ்சியோ நார்மல்தானே, அப்புறம் என்ன ரெஸ்ட்?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். வீட்டு வாசலில் 20 லிட்டர் தண்ணீர் கேன் இருக்கும். அம்மா தூக்கப் போவார், நான் தடுப்பேன், நான் குனிந்தால் அவர் கத்துவார். கடைசியில் கேன் போடும் தம்பியிடம் விஷயத்தைச் சொன்னோம். அன்றிலிருந்து அவனே மாடி ஏறி வந்து கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. எனக்கு நடந்த வைத்தியத்தில் அதையும் சேர்த்துத்தான் எண்ணுகிறேன்.

மூன்றாம் மாதம் பம்பிங் 51. ஆறாம் மாதம் 58. ஒரு நாள் முழுக்க துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியைக் கட்டிக்கொண்டதிலும் டிரெட்மில் டெஸ்டிலும் துடிப்பில் கோளாறு இல்லை. எம்ஆர்ஐயில் சின்னத் தழும்பு மட்டும் மிச்சம் இருக்கிறது. அதற்காக வருடா வருடம் எக்கோ பார்க்க வேண்டும்.

போன ஞாயிறு உழைப்பாளர் சிலையிலிருந்து காந்தி சிலை வரை நடந்து போனேன். அம்மாவும் கூட வந்தார். மூச்சு வாங்கவில்லை.