அவுட்பர்ஸ்ட் கேள்விக்குப் பட்டியல் போடாதீர்கள்

சுரங்கப் பாதுகாப்புத் தாளில் ஏ மைனஸ் வந்துவிட்டது. சீனியர்கள் காட்டிய பயத்துக்கு இது போதும். பத்தாங் பெர்ஜுந்தையில் (மலேசியாவில், இன்றைய பெஸ்தாரி ஜெயா), செம்பனைத் தோட்டத்து வீட்டில் படித்துத் தேறியவன் சொல்வது ஒன்றுதான்: அவுட்பர்ஸ்ட், அதாவது சுரங்கத்தில் நிலக்கரியும் வாயுவும் திடீரென்று பீறிட்டு வெளியே வருவது, ஏன் நடக்கிறது என்று கேட்டால் காரணங்களைப் பட்டியலாக எழுதாதீர்கள், நடக்கும் வரிசையில் எழுதுங்கள்.

கைமாறி வரும் நோட்ஸில் "பாறை அழுத்தம், வாயு, பலமில்லாத கரி" என்று மூன்று வரி இருக்கும். அதை எல்லோரும் எழுதுவார்கள். ஒன்று மற்றொன்றை எப்படிக் கிளப்புகிறது என்பதில்தான் மார்க்.

என் விடை ஏறக்குறைய இப்படி. ஆழம் கூடக் கூடப் பாறை அழுத்தமும் வாயு அழுத்தமும் ஏறும். மீத்தேனில் பெரும்பகுதி கரியின் நுண்துளைச் சுவர்களில் ஒட்டிக் கிடக்கும். ஃபால்ட் (பாறை உடைந்து நகர்ந்த பிளவு) ஓடும் இடத்தில் கரி ஏற்கெனவே நசுங்கி மாவாகியிருக்கும். பலமும் இல்லை, வாயுவும் அதிலிருந்து வேகமாக விடுபடும். முகப்பு (கரி வெட்டிக்கொண்டு போகும் முனை) அங்கே நெருங்கும்போதோ, பாறையைக் குடைந்து கரிப்படுகையைத் திறக்கும்போதோ, ஒரு வெடி வைத்தாலே போதும். கரி உடையும், விடுபட்ட வாயு அதைத் தூக்கி எறியும், பின்னால் இருக்கும் கரி தாங்கலின்றி அதுவும் உடையும். 1969-இல் உக்ரைனின் டொன்பாஸ் நிலக்கரி வட்டாரத்தில், ககாரின் சுரங்கத்தில் இப்படி வெளியே வந்தது சுமார் 14,000 டன் கரி!

"எங்கப்பா பத்து ஆராங்ல கரி வெட்டுனவரு, இந்தக் கதையெல்லாம் சொன்னதே இல்லையே தம்பி" என்றார் கோப்பிக்கடை மாமா. 1960-இல் மூடிய அந்தச் சுரங்கத்தில் கிடைத்தது இளம் கரி, இந்த ஆபத்து பெரும்பாலும் முதிர்ந்த கரியில் என்றேன். கரியின் முதிர்ச்சியையும் விடையில் ஒரு வரி சேருங்கள்.

கடைசி நேரத்துக்கு:

- அவுட்பர்ஸ்ட் ஆபத்துக்குச் சீன வரம்பு: வாயு அழுத்தம் 0.74 மெகாபாஸ்கல் அல்லது அதற்கு மேல், கரியின் உறுதிக் குணகம் (கரி எவ்வளவு பலமானது என்ற எண்) 0.5 அல்லது அதற்குக் கீழ்.
- மீத்தேன் மட்டுமல்ல. 1954, ஆஸ்திரேலியாவின் காலின்ஸ்வில்: கார்பன் டை ஆக்சைடு, 7 பேர் பலி.
- அறிகுறிகள்: துளைத்தண்டு மாட்டிக்கொள்ளும், வாயு அளவு ஏறி இறங்கும், கரிக்குள் சடசடவென்று சத்தம் வரும், முகப்பு குளிரும். ஏன் குளிரும் என்றும் எழுதவும்: ஒட்டிய வாயு பிரியும்போது வெப்பத்தை இழுக்கும்.
- தடுப்பு முறை கேட்காவிட்டால் தொடவே வேண்டாம்.

மனப்பாடம் நன்றாக வருகிறவர்களுக்கு இது சுற்றுவழியாகத் தெரியலாம். எனக்குப் பட்டியல் ஹாலுக்குள் நுழைந்ததும் மறந்துவிடும், கதை மறக்காது. அப்புறம், காற்றோட்டக் கணக்கு மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அதில் நான் தப்பித்ததே பெரிய விஷயம்.