ஏபிஜி டிரேயிலிருந்து ஹெப்பாரின் குப்பியை எடுத்த கதை

ஐசியூவில் நைட் டியூட்டி. வென்டிலேட்டரில் இருந்த ஒரு பெரியவருக்கு ஆர்ட்டீரியல் லைனிலிருந்து (தமனிக்குள் வைத்திருக்கும் குழாய்) ஏபிஜி, அதாவது தமனி ரத்தத்தின் வாயுக்களைப் பார்க்கும் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தேன். அயனி கால்சியம் (ரத்தத்தில் எதோடும் ஒட்டாமல் இருக்கும் கால்சியம்) குறைவு என்று வந்தது. சந்தேகப்பட்டு, பத்து நிமிடத்தில் கூட இருந்த சிஸ்டரை எடுக்கச் சொன்னேன். அவர் எடுத்ததில் கால்சியம் சரியாக இருந்தது. என் சாம்பிளில் பைகார்பனேட்டும் கார்பன் டை ஆக்சைடும்கூடக் கம்மி. நோயாளி அவரே, மெஷினும் அதுவே. கை மட்டும்தான் வேறு.

அப்போதெல்லாம் சாதாரண 2 மில்லி சிரிஞ்சில் குப்பியிலிருந்து, ரத்தத்தை உறையவிடாத ஹெப்பாரின் மருந்தை இழுத்து, உள்சுவர் நனைய ஆட்டி, வெளியே தள்ளிவிடுவோம். எவ்வளவு உள்ளே தங்குகிறது என்று யாரும் அளந்ததில்லை. முனையிலும் ஊசியிலுமாக 0.1 மில்லி தங்கி, 1 மில்லி கோடு வரை இழுத்தால், அதில் பத்தில் ஒரு பங்கு ஹெப்பாரின்தான், ரத்தமில்லை. போதாததற்கு ஹெப்பாரின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இல்லாத குறைக்கு மருந்து ஏற்றியிருப்போமோ என்ற நினைப்பு பல நாள் என்னை விடவில்லை.

டாக்டரிடம் சொன்னேன். "சிஸ்டர், நீங்களே பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்" என்றார். சில கம்பெனிகளின் ஏபிஜி சிரிஞ்ச் மாதிரிகளை வாங்கி, ஒவ்வொரு ஷிஃப்டிலும் பயன்படுத்திப் பார்த்தோம்.

திரவ ஹெப்பாரினே வேண்டாம், உள்ளே உலர்ந்த ஹெப்பாரின் இருக்க வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. அதிலும் கால்சியம் சமன் செய்த (ரத்தத்திலிருந்து கால்சியத்தை அதிகம் பிடிக்காதபடி முன்பே கால்சியம் சேர்த்த) லித்தியம் ஹெப்பாரின். எங்கள் மெஷின் சோடியமும் காட்டும் என்பதால் சோடியம் ஹெப்பாரினை ஒதுக்கினேன்.

அளவில்தான் பெரிய விவாதம். 3 மில்லிதான் கைக்கு வசதி என்றார்கள் பலர். ஒரு நாளில் எத்தனை முறை எடுக்கிறோம், ஒவ்வொரு முறையும் முதலில் இழுத்துக் கொட்டுகிற ரத்தம் எவ்வளவு என்று கூட்டிப் பார்த்தோம். படுத்திருப்பவருக்கு அது சின்ன இழப்பில்லை. 1 மில்லியையே பிடிவாதமாகக் கேட்டு வாங்கினேன். பெரிய சிரிஞ்சில் கொஞ்சமாக எடுத்தால் ரத்தத்துக்கு ஹெப்பாரின் அதிகமாகி, பழைய தொல்லையே திரும்பிவிடும்.

தமனி அழுத்தத்தில் தானே நிரம்பும் வகை மணிக்கட்டில் குத்தும்போது அருமை. பிளஞ்சரைக் கோட்டில் வைத்துவிட்டால் ரத்தம் தானே ஏறும். பிபி மிகவும் இறங்கியவர்களுக்கு மெதுவாகத்தான் ஏறியது, பொறுமை வேண்டும். லைனில் எடுக்கத் திருகிப் பூட்டும் முனைதான். வழுக்கு முனை ஒரு தடவை கழன்று, படுக்கை விரிப்பெல்லாம் ரத்தம்.

சிரிஞ்ச் மாறினாலும் கை வேலை குறையாது. எடுத்தவுடன் குமிழை வெளியேற்றி, மூடி போட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி, தலைகீழாகவும் திருப்ப வேண்டும். ஒருநாள் அவசரத்தில் உருட்டாமல் கொடுத்தேன். கடுகளவு கட்டி மெஷினை அடைத்துவிட்டது. பிளாஸ்டிக் சிரிஞ்சை ஐஸில் வைப்பதையும் நிறுத்தி, அரை மணிக்குள் பார்த்துவிடுகிறோம்.

இப்போது ஏபிஜி டிரேயில் ஹெப்பாரின் குப்பி கிடையாது. புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைத் தேடினால், ஒரு புதுச் சிரிஞ்சைப் பிரித்து, உள்ளே இருக்கும் உலர்ந்த ஹெப்பாரினைக் காட்டுகிறேன்.