முதல் பாவசங்கீர்த்தனம்: வீட்டில் செய்ய வேண்டிய வேலை

பாவசங்கீர்த்தனம் என்பது கத்தோலிக்கர் தம் பாவங்களைக் குருவிடம் (ஃபாதரிடம்) சொல்லி மன்னிப்புப் பெறுவது. இங்கே சிங்கப்பூரில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். வீட்டில் பாட்டி சொல்லித் தருவதோ, பாவத்துக்காக வருந்திச் சொல்லும் பழைய உத்தம மனஸ்தாப மந்திரம். இரண்டையும் அரைகுறையாகப் படித்த பிள்ளை ஃபாதர் முன்னால் போனதும் எதில் ஆரம்பிப்பது என்று திணறி நின்றுவிடும். அதனால் முதலில் மொழியை முடிவு செய்யுங்கள். தம்பியோடு எந்த மொழியில் சண்டை போடுகிறதோ, அதிலேயே பாவத்தையும் சொல்லட்டும். அது தமிழ் என்றால், ஆஃபிர் சாலை லூர்து மாதா கோயில் போலத் தமிழ்ப் பூசை உள்ள இடத்தில், தமிழில் கேட்கும் ஃபாதர் எப்போது இருப்பார் என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். பாட்டியின் மந்திரம் இரவு செபத்தில் இருக்கட்டும்.

7 வயது நிறைந்தால் பிள்ளைக்குப் புத்தி விவரம் வந்துவிட்டதாகத் திருச்சபைச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. புதுநன்மைக்கு (முதன்முதலாக நற்கருணை வாங்குவதற்கு) முன் பாவசங்கீர்த்தனம் என்பதும் அதே சட்டம்தான் (எண் 914).

பழைய ஞானோபதேசம் (மறைக்கல்விப் புத்தகம்) பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் சொல்லும்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, சங்கீர்த்தனம், அபராதம் (பாவத்துக்குப் பரிகாரமாக ஃபாதர் கொடுக்கும் செபம் போன்றவை) தீர்ப்பது. பெற்றோர் நான்காவதை மட்டும் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். வேலை இருப்பது முதல் இரண்டில்.

ஆத்தும சோதனைக்குப் பத்துக் கட்டளை அச்சடித்த தாளைக் கையில் கொடுத்து அனுப்பினால், அர்த்தம் தெரியாமலே ஆறாம் கட்டளையை (விபசாரம் செய்யாதே) படித்து ஒப்பிக்கும் பிள்ளைகள் உண்டு. அதன் நாளிலிருந்தே கேளுங்கள். அசஸ்மென்ட் புக் முடித்துவிட்டேன் என்று பொய் சொன்னாயா? வீட்டு வேலைக்கு இருக்கும் ஆன்ட்டியிடம் கத்தினாயா? நண்பன் பென்சில் பெட்டியிலிருந்து எதையாவது எடுத்தாயா? கேள்வியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பதிலை உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை. "போன வாரம் இதைச் செய்தாயே, அதையும் சொல்லு" என்று பட்டியல் போட்டுக் கொடுத்தால் அது உங்கள் புகார்ப் பட்டியல் ஆகிவிடும்.

பாவம் எது, தவறி நடந்தது எது என்று பிரித்துக் காட்டுவது மிக முக்கியம். மைலோ கொட்டியது, கணக்கில் மார்க் குறைந்தது, தண்ணீர் புட்டியை பஸ்சில் மறந்துவிட்டு வந்தது எதுவுமே பாவம் இல்லை. தெரிந்தே, வேண்டுமென்றே செய்ததுதான் பாவம். அம்மாவுக்குக் கோபம் வந்ததெல்லாம் பாவம் என்று நினைக்கும் பிள்ளை கடவுளுக்கும் அதே முகத்தைத்தான் வைக்கும். அந்தப் பயம் பெரியவனான பிறகும் எளிதில் போகாது.

நண்பனின் போக்கிமான் அட்டையை எடுத்திருந்தால் வருத்தப்படுவது மட்டும் போதாது, திருப்பிக் கொடுக்க வேண்டும். அதையும் முன்பே சொல்லிவையுங்கள்.

அன்றைய நடைமுறை சிறியது. சிலுவை அடையாளம், "இது என் முதல் பாவசங்கீர்த்தனம்" என்ற அறிமுகம், பாவங்கள், ஃபாதர் சொல்லும் புத்திமதியும் அபராதமும், மனஸ்தாப மந்திரம், பாவமன்னிப்பு, "ஆமென்". திரைக்குப் பின்னாலும் சொல்லலாம், முகம் பார்த்தும் சொல்லலாம். கோயில் காலியாக இருக்கும்போது கூட்டிப்போய் இரண்டு இடத்திலும் உட்காரவைத்துக் காட்டுங்கள். மந்திரம் மறந்தால் ஃபாதர் எடுத்துக்கொடுப்பார். எழுதிக் கொண்டுபோவதில் தவறில்லை. அந்தத் தாளை நீங்கள் வாங்கிப் படிக்காதீர்கள், முடிந்ததும் பிள்ளையே கிழித்துப் போடட்டும். உண்மையிலேயே மறந்துபோன பாவமும் மன்னிக்கப்படுகிறது. வெட்கத்தில் வேண்டுமென்றே மறைப்பது வேறு விஷயம்.

ஃபாதர் யாரிடமும், உங்களிடமும் சொல்ல மாட்டார் என்பதைப் பிள்ளைக்கு அழுத்திச் சொல்லுங்கள். வெளியே வந்ததும் "என்ன சொன்னே? என்ன அபராதம் கொடுத்தார்?" என்று கேட்டால், அடுத்த தடவை அது பாதியை விழுங்கிவிடும். அபராதச் செபத்தை அங்கேயே பெஞ்சில் முழங்காலிட்டு முடிக்கவையுங்கள். வீட்டுக்குப் போய்ச் செய்யலாம் என்றால் மறந்துபோகும்.

முதல் தடவைக்கு இவ்வளவு ஏற்பாடு செய்துவிட்டு, அடுத்ததை, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் எல்லாரும் கூடிப் பாவசங்கீர்த்தனம் செய்யும் ஒப்புரவு வழிபாடு வரை தள்ளிப்போடும் குடும்பங்கள்தான் அதிகம். அதற்குள் சொல்லும் முறையே மறந்து, மறுபடி பயம் வந்துவிடும். மாதம் ஒரு நாள் குறித்துக் குடும்பமாகப் போங்கள். வரிசையில் அப்பாவோ அம்மாவோ முதலில் நிற்கட்டும்.